யார் தயவும் வேண்டாமா?

எல்லாருக்கும் வணக்கம். பேராவூரணிப் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள். சரி, உங்களுக்கு மொய் விருந்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பணம் தேவைப்படுகிறவர் விருந்து போடுவார், வருகிறவர்கள் மொய்ப் பணம் வைப்பார்கள், அவர்கள் விருந்து போடும்போது இவர் திருப்பிச் செய்வார். ஆடி பிறந்தால் பந்தல், கறிக்குழம்பு, வாசலில் மேசை போட்டு நோட்டோடு ஓர் ஆள். பேர், ஊர், தொகை மூன்றையும் எழுதிவிட்டுத்தான் அடுத்தவரைப் பார்ப்பார். "இதில் பாசம் எங்கே இருக்கிறது, வட்டியில்லாக் கடன்தானே" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கடன்தான். ஆனால் எனக்குப் பணம் தேவைப்படுகிறது, வாருங்கள் என்று பத்திரிகை அடித்து ஊரையே கூப்பிடுகிற துணிச்சல் வேறு எங்கே இருக்கிறது?

எதையும் எதிர்பார்க்காமல் கொடுப்பதுதான் உயர்ந்த அன்பு என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். எல்லாரும் கொடுத்துக்கொண்டே இருந்தால் வாங்குவது யார்? பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறான், அவனை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று கண் ஆபரேஷனுக்குத் தனியாகவே தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டு வருகிற அம்மாக்கள் நம் ஊர்களில் உண்டு. அந்த அம்மாவுக்கு அது பாசம். பக்கத்து வீட்டார் சொல்லி ஒரு மாதம் கழித்துத் தெரிந்துகொள்கிற பிள்ளைக்கோ, நாம் ஒன்றுக்கும் ஆகாதவனாகிவிட்டோமே என்றுதான் இருக்கும்.

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு பாருங்கள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருந்தாலும் மேல்வயல்காரர் மடையைத் திறந்தால்தான் கீழ்வயல் நனையும். அதை அன்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தச் சாக்கில்தான் பல வீடுகளில் பேச்சே திரும்பத் தொடங்குகிறது.

வள்ளுவர் அன்புடைமைக்கு ஓர் அதிகாரம் கொடுத்தவர், நட்பையும் அதன் நல்லது கெட்டதையும் பேச 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரம் எடுத்துக்கொண்டார். அதில் 81, பழைமை, எனக்கு ரொம்பப் பிடித்தது. பழகிய உரிமையில் நண்பன் கேட்காமலே ஒரு காரியம் செய்துவிட்டால் பெரியவர்கள் அதை விரும்பி ஏற்பார்களாம். சொல்லாமல் உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறானே, அவனுக்கும் வக்காலத்து வாங்கியாயிற்று!

காதலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. அதற்கு வள்ளுவரே 25 அதிகாரம் எழுதிவிட்டார், அதில் கல்யாணத்துக்குப் பிந்தைய காதலைச் சொல்லும் கற்பியலைத் தொடங்குவதே பிரிவாற்றாமையில்தான், அதாவது பிரிவைத் தாங்க முடியாமையில்தான். நீ இல்லாமல் முடியவில்லை என்று கூச்சமில்லாமல் சொல்கிறவர்கள் காதலர்கள் மட்டும்தான். அவர்களும் கல்யாணமாகிப் பத்து வருஷம் போனால் குழம்பில் உப்பில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.