"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்"

எல்லாருக்கும் வணக்கம். யானைக்கால் நோயை ஒழிக்க 2004 முதல் நாடு முழுக்க நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை டிஇசி என்ற புழுக்கொல்லி மாத்திரை கொடுக்கும் திட்டம் வந்தது நினைவிருக்கும். வீடு தேடி வந்தவர்களிடம் நாம் என்ன சொன்னோம்? "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன், கால் வீங்கினவங்களுக்குக் கொடுங்க." நானும் அப்படிச் சொன்னவன்தான். அது எவ்வளவு பெரிய தப்பு என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இந்த நோய்க்குக் காரணம் உச்செரேரியா என்ற புழு. க்யூலெக்ஸ் கொசு கடிக்கும்போது நுழைந்து, நிணநீர் நாளத்தில், அதாவது திசுக்களில் தேங்கும் நீரை வடித்துச் செல்லும் மெல்லிய குழாயில், குடியேறுகிறது. பெண் புழு நூல் மாதிரி மெலிசு, நீளம் 8 முதல் 10 செ.மீ. ஒரு முள் குத்தினாலே மறுநாள் சிவந்து சீழ் வைக்கிற உடம்பு நம்முடையது. அதற்குள் விரல் நீளப் புழு வருடக்கணக்கில் வாழ்கிறது, குஞ்சுகளை ரத்தத்தில் விடுகிறது. பலருக்கு ஒரு காய்ச்சல்கூட வருவதில்லை. எப்படி?

நம் வெள்ளை அணுக்கள் ஒன்றோடொன்று ரசாயனத்தால் பேசிக்கொள்கின்றன. அந்தச் செய்திகளுக்கு சைட்டோகைன் என்று பெயர். சில "ஓடி வா, தாக்கு" என்னும். சில "போதும், அடங்கு" என்னும். அடங்கச் சொல்ல ஆள் இல்லையென்றால் நம் படை நம்மையே அழித்துவிடும். இன்டர்லூக்கின்-10, டிஜிஎஃப்-பீட்டா இரண்டும் அடக்குகிற வகை. புழு கை வைப்பது இங்கேதான். ரத்தத்தில் குஞ்சுகள் ஓடுகிறவர்களின் அணுக்களைச் சோதித்தால், இன்டர்லூக்கின்-10 தூக்கலாக இருக்கிறது. புழுவை எதிர்க்க வேண்டிய டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்களோ மந்தமாகக் கிடக்கின்றன.

எலியின் குடலில் வாழும் ஹெலிக்மோசோமாய்டஸ் என்ற புழுவின் கதை இன்னும் வியப்பு. அது சுரக்கும் ஒரு புரதத்தை 2017-ல் அடையாளம் கண்டார்கள். அமைப்பில் அதற்கும் டிஜிஎஃப்-பீட்டாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அணுவின் மேல் டிஜிஎஃப்-பீட்டாவின் செய்தியை வாங்கும் அதே ஏற்பியில் போய் உட்கார்ந்து, அதே "அடங்கு" உத்தரவைக் கொடுக்கிறது. வேறு எங்கோ அடித்த சாவி எலியின் வீட்டுப் பூட்டைத் திறக்கிறது! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, அப்படியானால் கால் ஏன் வீங்குகிறது? புழு சாகும்போது அதன் உடல் சிதைகிறது. அதற்குள் குடியிருந்த வோல்பாக்கியா பாக்டீரியாவும் வெளியே வருகிறது. தூங்கிய படை விழித்து அந்த நாளத்திலேயே சண்டை போடுகிறது. புழு குடியிருந்ததால் ஏற்கெனவே விரிந்து கெட்ட நாளம் மேலும் அடைபடுகிறது. கால் வீங்கியவர்களில் பலருடைய ரத்தத்தில் குஞ்சுப் புழு இருப்பதே இல்லை. நாம் ஒதுங்கிப் போனது கால் வீங்கியவரைப் பார்த்து. கொசு நோயை எடுத்துப் போனதோ பெரும்பாலும் "நல்லாத்தானே இருக்கேன்" என்றவரிடமிருந்து.

அவரைக் கண்டுபிடிக்கத்தான் சுகாதாரப் பணியாளர் ராத்திரியில் கதவைத் தட்டி விரலில் குத்தினார். குஞ்சுகள் பகலில் நுரையீரல் நாளங்களில் பதுங்கும். ராத்திரி 10 மணிக்கு மேல், க்யூலெக்ஸ் கடிக்கிற நேரத்தில், தோலடி ரத்தத்துக்கு வரும். அந்த ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வையுங்கள்: சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அவை நெளிவதைப் பார்க்கலாம்.

மாத்திரை போட்டால் காய்ச்சல், தலைவலி வருகிறதே என்று கேட்பார்கள். அது பெரும்பாலும் ரத்தத்தில் புழு இருந்தவர்களுக்குத்தான் வருகிறது. குஞ்சுகள் கூட்டமாகச் சாகின்றன, அடங்கிக் கிடந்த படை எழுகிறது. ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் தாய்ப் புழுக்கள் எல்லாம் ஒரே வேளை மருந்தில் சாவதில்லை. அதனால்தான் அடுத்த வருடமும் அதே மாத்திரையோடு வந்து நின்றார்கள்.