முதலில் நான்கு கிலோ

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எண்பது கிலோ எடையுள்ளவரிடம் "அறுபதுக்கு இறங்கி வாருங்கள்" என்று சொன்னால், தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த முறை வரமாட்டார். மருத்துவர்களாகிய நாங்கள் நெடுங்காலம் செய்த பிழை இது. இன்று நான் உங்களிடம் கேட்பது நூற்றுக்கு ஐந்து பங்குதான். எண்பது கிலோவில் நான்கு கிலோ.

நான்கு கிலோவில் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். எடை இறங்கத் தொடங்கும்போது, வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படிந்திருக்கும் கொழுப்பு முந்திக் கரைகிறது. இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பதும், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்புச் சத்தை ஏற்றுவதும் அந்த வயிற்றுக் கொழுப்புதான். ரத்த அழுத்தமும் இறங்கும். கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு மேல் சொல்வதில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 5,145 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த 'லுக் அஹெட்' ஆய்வில், எடை குறைத்தவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நன்றாகவே இறங்கின. ஆனாலும் மாரடைப்பும் பக்கவாதமும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. 2012இல் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். இதை மறைத்துவிட்டு உங்கள் முன் பேச எனக்கு மனம் வரவில்லை. பின்னர் அதே விவரங்களை அலசியபோது, முதல் ஆண்டிலேயே பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்கு ஆபத்து சுமார் 21 சதவீதம் குறைந்திருந்தது தெரிந்தது. முடிந்த முடிவாக இதைக் கொள்ள முடியாது. ஆனால் நான்கு கிலோவோடு நின்றுவிடாமல் மேலும் நடக்க இது போதுமான காரணம்.

நம் சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரில், உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை! ஆகவே, எடை பார்க்கும் இயந்திரத்தில் முள் அசையவில்லை என்று யாரும் மனம் சோர்ந்து நடையை விட்டுவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

நம்மவர்களில் ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80க்குள்ளும் இருக்க வேண்டும். வாசலருகே மேசையில் அளவு நாடா வைத்திருக்கிறோம். வீட்டுக்குப் புறப்படும் முன் ஒருமுறை அளந்து, தேதியோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள்.