பென்னிகுக்: ஓர் அரிய குடும்பப்பெயரின் பூர்வீகம்

நேயர்களுக்கு வணக்கம்.

தேனி மாவட்டத்தில் பென்னிகுயிக் என்ற பெயரை அறியாதவர் இல்லை. பிள்ளைகளுக்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். பாலார்பட்டியில் அவர் நினைவாகவே பொங்கல் வைக்கிறார்கள். அவர் பிறந்த நாளும் ஜனவரி 15. அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி இந்த நிகழ்ச்சியில் பலர் பேசியிருப்பார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் நான் பேசப்போவது அந்தப் பெயரைப் பற்றி மட்டும். ஜான் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர். பென்னிகுயிக் என்பது குடும்பப்பெயர், தலைமுறை தலைமுறையாக வருவது. பிரிட்டனில் அது மிக அரிய பெயர்.

முதலில் பூர்வீகம். ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில், வடக்கு எஸ்க் ஆற்றின் கரையில் ஒரு நகரம் இருக்கிறது. வரைபடத்தில் அதன் பெயரைப் பி, இ, என், ஐ, சி, யு, ஐ, கே என்று எழுதியிருப்பார்கள். வாயால் சொல்லும்போது பென்னிகுக். குடும்பப்பெயர் இந்த ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. ஊர்ப்பெயரோ ஆங்கிலத்தைவிட மூத்தது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அந்த வட்டாரத்துக்கு வருமுன் அங்கே புழங்கியது பழைய பிரிட்டானிய மொழி, இன்றைய வேல்ஸ் மொழிக்கு மூதாதை. அதில் 'பென்' என்றால் தலை, உச்சி, குன்றின் முகடு. 'கோக்' என்றால் குக்கூ என்று கூவும் அந்த நாட்டுக் குயில். இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு இடைச்சொல். குயில் கூவும் குன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலக் காதுக்கு அது பென்னி என்ற காசாகவும் குக் என்ற சமையல்காரராகவும் கேட்டது. பிற்காலத்தில் பலர் அப்படியே எழுதவும் தொடங்கினார்கள். காசுக்கும் சமையலுக்கும் இந்தப் பெயரில் வேலையே இல்லை. ஒரு குடும்பப்பெயருக்கு இன்றைய எழுத்தை வைத்துப் பொருள் சொல்லக் கூடாது. கிடைப்பதிலேயே பழைய ஆவணத்தில் அது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

ஊர்ப்பெயர் எப்படி ஆளின் பெயர் ஆயிற்று? இரண்டு வழிகள். ஒன்று நிலவுடைமை. இடைக்காலத்தில் ஒரு நிலத்தை அரசரிடமிருந்து பெற்றவர் அந்த நிலத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்வார். பென்னிகுக் நிலத்துக்கு ஓர் அழகான நிபந்தனை இருந்தது. எடின்பரோவை ஒட்டிய காட்டில் அரசர் வேட்டையாட வரும்போது, நிலத்துக்காரர் பக்ஸ்டேன் என்ற பாறையில் அமர்ந்து கொம்பு ஊத வேண்டும். நிலத்துக்குக் கொடுக்கும் வரியே அதுதான். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த நிலத்தை விலைக்கு வாங்கிய கிளார்க் குடும்பத்தின் சின்னத்தில் இன்றும் கொம்பு ஊதும் வேட்டைக்காரர் இருக்கிறார். இயற்பியல் படித்தவர்களுக்கு ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லைத் தெரியும். அவர் இந்தக் கிளார்க் வம்சம். மேக்ஸ்வெல் என்பது பிறகு ஒட்டியது. அவருடைய தந்தை மேக்ஸ்வெல் வழிச் சொத்து ஒன்றுக்கு வாரிசானபோது சேர்த்துக்கொண்ட பெயர் அது. சொத்து கைமாறும்போது பெயரும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். ரத்தம் ஒன்றாக இருக்கும், பெயர் வேறாகிவிடும்.

இரண்டாவது வழி, ஊரை விட்டுப் போனவர்கள். சொந்த ஊரிலேயே இருப்பவனை யாரும் ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பக்கத்து ஊருக்குப் பிழைக்கப் போனவனைத்தான் 'பென்னிகுக்காரன்' என்பார்கள். அதனால் ஊர்ப்பெயரில் அமைந்த குடும்பப்பெயரைத் தேடுகிறவர்கள் அந்த ஊர்ப் பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டு ஏமாந்து நிற்பார்கள். அக்கம்பக்கத்துப் பாரிஷ்களில், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரங்களில், சந்தை கூடும் ஊர்களில், துறைமுகங்களில் தேட வேண்டும். நிலப்பிரபுவின் குடியானவர்களும் அதே பெயரை எடுத்துக்கொள்வது உண்டு. பென்னிகுக் என்ற பெயர் உள்ள எல்லோரும் பழைய நிலவுடைமையாளரின் வாரிசு என்று சொல்ல முடியாது.

இனி எழுத்துக்கு வருகிறேன். இதில்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் அரிய பெயர் என்ற பேச்சில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன.

பழைய ஸ்காட்லாந்து வழக்கில் 'புக்' என்ற சொல்லைப் பி, யு, ஐ, கே என்று எழுதுவார்கள். யு, ஐ சேர்ந்தால் அங்கே அது ஓர் உயிரொலிக்கான அடையாளம். 'குயி' என்று பிரித்துப் படிக்கத் தேவையில்லை. அணை கட்டிய ஜானின் பெயரிலும் அந்த யு, ஐ உண்டு. அதற்குப் பின் சி, கே. நாம் எழுத்தைப் பார்த்துப் படித்ததால் பென்னிகுயிக் ஆயிற்று, சிலருக்குப் பென்னிகுவிக். நம் வழக்கை மாற்றச் சொல்லவில்லை, அது இங்கே வேரூன்றிவிட்டது. ஆனால் ஆவணம் தேடுகிறவர் குக் என்ற ஒலியை மனதில் வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். அந்தக் காலத்துப் பதிவாளர் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் ஞானஸ்நானப் பதிவில் யு, ஐ என்றும், தம்பி இரண்டு ஓ என்றும் பதிவாகலாம். சில இடங்களில் கடைசியில் ஓர் இ கூட வரும். ஒரு என், இரண்டு என். நடுவில் ஐ அல்லது ஒய். இத்தனை வடிவங்களும் ஒரே பெயர்.

பழைய கையெழுத்தில் என் என்பது இரண்டு செங்குத்துக் கோடு. யு என்பதும் இரண்டு கோடு. ஐ ஒரு கோடு, புள்ளி வைத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். எம் மூன்று கோடு. இந்தப் பெயரில் இரண்டு என் சேர்ந்து நான்கு கோடுகள் நிற்கின்றன. யு, ஐ சேர்ந்து மூன்று கோடுகள், எம் போலவே தெரியும். பட்டியல் தயாரித்தவர் அசந்தால் பெயர் உருத்தெரியாமல் போய்விடும். கணினியில் தேடும்போது முழுப் பெயரையும் அடிக்காதீர்கள். முதல் மூன்று எழுத்தை அடித்து, மீதி எழுத்துகளுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போடுங்கள். கிடைக்கவில்லையா, குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, முதற்பெயர், பாரிஷ், பிறந்த ஆண்டு மூன்றை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். பதிவாளர் எப்படி எழுதியிருந்தாலும் ஆள் அகப்படுவார்.

ஒலி ஒத்த பெயர்களை ஒரே குறியீட்டில் சேர்க்க சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது, அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்துகளை விட்டுவிட வேண்டும். மீதி எழுத்துக்கு எண். என் என்ற எழுத்துக்கு 5. சி, கே இரண்டுக்கும் 2. அடுத்தடுத்து ஒரே எண் வந்தால் ஒருமுறை போதும். இந்தக் கணக்கில் ஊர்ப்பெயரின் வடிவம், அணை கட்டியவரின் வடிவம், இரண்டு ஓ வடிவம் மூன்றும் பி-522 என்ற ஒரே குறியீட்டில் வந்து சேர்கின்றன. மிகவும் வசதி. ஆனால் லங்காஷயர் பக்கத்துப் பின்காக் என்ற சம்பந்தமில்லாத பெயருக்கும் பி-522 தான் வரும். அதனால் இந்த முறை சேர்த்துக் கொடுப்பதைக் கையால் பிரித்தெடுக்க வேண்டும்.

இப்போது எண்ணிக்கை. ஒரு பெயர் அரிது என்று எப்படிச் சொல்வது? பேரகராதி ஒன்று 2016-இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்தது, பிரிட்டன், அயர்லாந்துக் குடும்பப்பெயர்களுக்கு. 2011-இல் நூறு பேருக்கு மேல் வைத்திருந்த பெயர்களை எடுத்துக்கொண்டது. நல்ல அளவுகோல். ஸ்மித் என்ற பெயர் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் நூறு, இருநூறு என்பது எவ்வளவு சிறிது என்று தெரியும்.

பழைய எண்ணிக்கைக்கு எல்லோரும் போவது 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு. அதன் முழுப் பெயர்ப்பட்டியலையும் தன்னார்வலர்கள் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே மூன்று எச்சரிக்கை. எழுத்து வடிவங்களைத் தனித்தனியாக எண்ணிவிட்டுப் பிறகு கூட்டுங்கள். ஒரு வடிவத்தை மட்டும் எண்ணினால் பெயர் உள்ளதைவிட அரிதாகத் தெரியும், அல்லது அழிந்துவிட்டதாகவே தெரியும். குடும்பம் அங்கேயே இருக்கும், ஐ போய் ஓ வந்திருக்கும். அடுத்து, எண்ணிக்கையை மக்கள்தொகையோடு சேர்த்துப் பாருங்கள். 1881-இல் பிரிட்டனில் சுமார் 3 கோடிப் பேர். இன்று ஆறரைக் கோடிக்கு மேல். அன்று நூறு பேர் வைத்திருந்த பெயர் இன்று இருநூற்று இருபது பேரிடம் இருந்தால் அது வளரவில்லை, நின்ற இடத்தில் நிற்கிறது. பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்கிடுவதே சரி.

மூன்றாவது, வெளிநாட்டில் இருந்தவர்கள். அந்தக் கணக்கெடுப்பு 1881 ஏப்ரல் 3-ஆம் தேதி இரவு யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று எடுத்தது. சென்னை மாகாணத்தில் பொதுப்பணித் துறையில் இருந்தவரோ, இலங்கையில் அரசுப் பணியில் இருந்தவரோ அதில் வரமாட்டார்கள். ஜான் பென்னிகுயிக்கின் குடும்பம் அப்படிப்பட்டது. அவர் பிறந்ததே 1841-இல், பூனாவில். ராணுவத்திலும் காலனி நிர்வாகத்திலும் ஆட்களை அனுப்பிய குடும்பத்தின் பெயரைப் பிரிட்டனில் மட்டும் எண்ணினால் தொகை குறையும். இவர்களுக்கு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்கள் இருக்கின்றன. இங்கே நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் பாதிரிமார் அனுப்பிய நகல்கள். வங்காளம் என்-1, சென்னை என்-2, பம்பாய் என்-3. பூனாவில் பிறந்தவரைச் சென்னை வரிசையில் தேடினால் கிடைக்காது, என்-3-க்குப் போக வேண்டும்.

ஜமைக்காவிலும் கடைசியில் இ சேர்த்த வடிவத்தில் இந்தப் பெயர் உண்டு. ஸ்காட்லாந்துக்காரர்கள் கரும்புத் தோட்டம் நடத்திய தீவு அது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் வெள்ளைக்காரர்களின் குடும்பப்பெயர்களோடு பதிவானார்கள். அவர்களையும் சேர்த்து எண்ணும்போது, பெயர் பரவியதை வம்சம் பெருகியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தேனியில் அந்தப் பெயரோடு வளரும் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள், அங்கே அது தனிப்பெயர்.

ஸ்காட்லாந்தில் குடும்பம் தேடுகிறவர்களுக்கு ஒரு சலுகை சொல்லியாக வேண்டும். அங்கே அரசுப் பதிவு 1855 ஜனவரி 1-இல் தொடங்கியது. அந்த முதல் ஆண்டின் பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமணம் நடந்த இடம், மற்றப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது வரை கேட்டு எழுதினார்கள். அவ்வளவு எழுதி முடியாமல் அடுத்த ஆண்டே குறைத்துவிட்டார்கள். உங்கள் தேடலில் 1855-இல் பிறந்த யாராவது ஒருவர் அகப்பட்டால் விடாதீர்கள், நேர் மூதாதையாக இல்லாவிட்டாலும் அவருடைய அண்ணனோ தங்கையோ போதும். ஸ்காட்லாந்து ஆவணங்களில் மணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயரும் எழுதப்படும். மகன் இல்லாமல் பெயர் நின்றுபோன கிளைகளை மகள் வழியாகப் பிடிக்க இதுவே வழி.

பெயர் நின்றுபோவது என்றேன். 1873-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் ஒரு கேள்வியைப் பத்திரிகையில் போட்டார்: குடும்பப்பெயர்கள் ஏன் அழிகின்றன? வாட்சன் என்ற பாதிரியார் கணக்குப் போட்டு விடை சொன்னார், அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். நூறு பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண். சராசரியாக ஆளுக்கு ஒரு மகன். சிலருக்கு மூன்று, சிலருக்கு இல்லவே இல்லை. தற்செயல் கணக்கில், முதல் தலைமுறையிலேயே 37 பெயர்கள் போய்விடும். ஐந்தாம் தலைமுறையில் 73. பத்தாவதில் 84. நோயும் வேண்டாம், போரும் வேண்டாம், வெறும் தற்செயலே போதும். எல்லாப் பெயரும் கடைசியில் அழியும் என்று வாட்சன் முடித்தது தவறு. மக்கள்தொகை பெருகும் நாட்டில் சில பெயர்கள் தப்பிப் பெருகும்.

போர் வந்தால்? 1849 ஜனவரி 13, பஞ்சாபில் சிலியன்வாலா, ஆங்கிலேயருக்கும் சீக்கியருக்கும் நடந்த போர். பிரிகேடியர் ஜான் பென்னிகுயிக் அங்கே விழுந்தார். அவர் உடலருகே நின்று போரிட்ட மகன் அலெக்சாண்டருக்கு வயது 17, அவனும் விழுந்தான். ஒரே நாளில் தகப்பனும் மகனும். தம்பி ஜானுக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. நம் அணையைக் கட்டியவர் அந்தத் தம்பிதான். அவருக்கு மகள்கள் பலர், மகன் ஒருவர், 1899-இல் பிறந்தார். அப்போது தகப்பனாருக்கு வயது 58. அந்த மகன் சர் ஜான் பென்னிகுயிக், பின்னாளில் இங்கிலாந்தில் உயர் நீதிமன்ற நீதிபதி.

மரபணுவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், குடும்பப்பெயர் போகும் அதே வழியில். 2000-இல் சைக்ஸ் என்ற பெயருள்ள 48 ஆண்களைச் சோதித்தார்கள். 21 பேருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம். 2009-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 பெயர்களை எடுத்துப் பார்த்தார்கள். ஸ்மித் போன்ற பெயர்களில் ஒற்றுமை இல்லை. அட்டன்பரோ போன்ற அரிய பெயர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே வழி. சோதிப்பதானால் வெவ்வேறு எழுத்து வடிவம் உள்ள இரண்டு ஆண்களைச் சோதியுங்கள். குறைந்தது 37 குறிகள், அதாவது ஒய் குரோமோசோமில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்கள், உள்ள சோதனையாக இருக்கட்டும், 12 குறி போதாது, அந்நியர்கூட உறவினராகத் தெரிவார். இருவரும் ஒத்துவந்தால், யு-ஐ காரரும் இரண்டு-ஓ காரரும் ஒரே வீட்டார் என்று எழுதி வைக்கலாம். ஒத்துவராவிட்டால் தத்து, சொத்துக்காக மாறிய பெயர், குடியானவர் எடுத்த பெயர் என்று ஆவணத்துக்குத்தான் திரும்ப வேண்டும். மீதியை நேரம் கிடைக்கும்போது பேசலாம். வணக்கம்.