பழைய விறகுக் கணப்பு: உள்பாகங்கள் தேய்ந்தால் முதலில் கதவைப் பாருங்கள்

[காட்சி: அறையைச் சூடாக்கும் இரும்புக் கணப்பு. கதவு திறக்கிறது. உள்ளே மேல்பக்கம், நடுவில் தொய்ந்த ஒரு தகடு.]

தொய்ந்து தெரிகிறதே, அதுதான் தடுப்புத் தகடு. தீயும் புகையும் நேராகப் புகைபோக்கிக்குள் ஓடிவிடாமல் முன்பக்கமாகச் சுற்றிப் போகவைப்பது இதன் வேலை. தகடு வளைந்ததும் பலர் புதிது வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கொஞ்ச காலத்தில் அதுவும் வளைகிறது. குற்றம் பெரும்பாலும் தகட்டில் இல்லை, கதவில். கதவோரம் காற்று கசிந்தால், காற்றுத் திறப்பை எவ்வளவு மூடினாலும் தீ அடங்காது. உள்ளே சூடு எல்லை மீறும், இரும்பு தொய்யும்.

[காட்சி: கதவிடுக்கில் ஒரு தாள் துண்டு.]

கணப்பு அடுப்பு முழுக்க ஆறிய பிறகு, தாளை இடுக்கில் வைத்துக் கதவைப் பூட்டி இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே கசிவு. கீல் பக்கம் உட்பட நான்கு ஓரமும் பாருங்கள். சில சமயம் தாழ்ப்பாளைக் கொஞ்சம் முடுக்கினாலே போதும். போதாவிட்டால் கதவோரப் பள்ளத்தில் காற்றை அடைக்கும் கயிற்றை மாற்ற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: 1980களிலோ அதற்கு முன்போ செய்த அடுப்பில் பழைய கயிறு கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதைச் சுரண்டவே வேண்டாம். கல்நார் அகற்றப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

புதுக் கண்ணாடி இழைக் கயிறு வாங்கும்போது பழையதை அளந்து ஏமாறாதீர்கள். அது நசுங்கி மெலிந்திருக்கும். அடுப்பின் கையேட்டில் உள்ள அளவே சரி. தடிமன் கூடினால் கதவு மூடாது, அழுத்தி மூடினால் கதவின் கண்ணாடி உடையலாம். பள்ளத்தைக் கம்பி பிரஷால் வெற்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, வெப்பம் தாங்கும் பசையை மெல்லிய கோடாக விடுங்கள். கயிற்றை இழுக்காமல் படுக்க வையுங்கள். இழுத்தால் மெலிந்து, மூலைகளில் இடைவெளி விழும். வெட்டும் இடத்தில் முன்பே டேப் சுற்றினால் நூல் பிரியாது. இரு முனைகளும் மூலையில் அல்ல, நேரான பக்கத்தில் ஒட்டிச் சேரட்டும். பிறகு கதவை மூடி ஒரு நாள் விடுங்கள்.

[காட்சி: அடுப்பின் உட்சுவரில் பதித்த, சூடு தாங்கும் தீச்செங்கற்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.]

முடி அளவு விரிசலுக்குச் செங்கலை மாற்ற வேண்டாம். உதிர்ந்தாலோ, இடுக்கில் பின்னாலுள்ள இரும்பு தெரிந்தாலோ மாற்றுங்கள். பல அடுப்புகளில் 9 × 4½ × 1¼ அங்குல அளவுதான். லேசான வகை இருந்த இடத்தில் லேசானதையே வையுங்கள். சூட்டில் விரிவதற்கு இடம் வேண்டும், ஆகவே சாந்து வைத்து இறுக்காதீர்கள். சாதாரண செங்கலும் சிமென்டும் இங்கே நிலைக்காது.

இனி தகடு. அசல் பாகம் கிடைக்காத இரும்புத் தகடு என்றால் 6 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீலில் வெட்டலாம். இரு பக்கமும் சுமார் 3 மில்லிமீட்டர் விடுங்கள். இல்லையேல் விரிய இடமின்றி மறுபடி வளையும். முன்பக்க இடைவெளி பழையபடியே இருக்கட்டும். குறைந்தால் புகை அறைக்குள் வரும், கூடினால் சூடு புகைபோக்கியோடு போகும். துத்தநாகம் பூசிய தகடு கூடவே கூடாது, சூட்டில் நச்சுப் புகை விடும்.

கீழே உள்ள சல்லடைத் தட்டு தொய்ந்திருந்தால் சாம்பல் பெட்டியைக் கவனியுங்கள். கீழிருந்து வரும் காற்றுதான் தட்டைக் குளிர்விக்கிறது. சாம்பல் முட்டினால் அந்தக் காற்று நின்றுவிடும்.

[காட்சி: விளக்கணைத்த அறை. அடுப்புக்குள் டார்ச்.]

அடுப்பின் இரும்புப் பலகைகள் சேரும் இடத்தில் வெளிச்சம் கசிந்தால், பழைய காரையைச் சுரண்டிவிட்டு, இணைப்பை ஈரமாக்கி, தீக்காரை (சூடு தாங்கும் காரை) அடையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு சின்னச் சின்னத் தீயாக மூட்டுங்கள். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் காரையை உப்பவைத்துப் பெயர்த்துவிடும். வார்ப்பிரும்பு உடலிலேயே விரிசல் ஊடுருவி ஓடியிருந்தால் காரை பூசி ஒப்பேற்ற முடியாது. முன்சூடு இல்லாமல் வெல்டிங் வைத்தால் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு விரிசல் விழும்.

முதல் தீயின்போது பசை வாடை வரும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அறையில் இருக்க வேண்டும். நாலைந்து தடவை மூட்டிய பிறகு கயிறு அமுங்கியிருக்கும். தாள் சோதனையை மறுபடி செய்து தாழ்ப்பாளை முடுக்குங்கள்.