வாடையைப் பிடிக்கும் சக்கரமும் ஒரு காப்புரிமை வழக்கும்

(காட்சி: டர்பன் ஆலைக் கூரையில் மெதுவாகச் சுழலும் தேன்கூட்டுச் சக்கரம்)

குரல்: டர்பனில் மெரிபேங்க், வென்ட்வர்த் பக்கம் இருப்பவர்களுக்குத் தொழிற்சாலை வாடையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெயின்ட் ஆலையின் கரைப்பான் ஆவியைப் பிடிப்பது இந்த ஜியோலைட் சக்கரம். ஜியோலைட் என்பது நுண்துளைகள் நிறைந்த கனிமம். மணிக்குச் சில சுற்றுதான். ஆலைக் காற்று நுழையும்போது டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான் ஆவிகள் எல்லாம் ஜியோலைட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சிறு துண்டில் மட்டும் 180 முதல் 200 டிகிரி சூட்டுக்காற்றை எதிர்த்திசையில் ஊதுவார்கள், ஒட்டியது கழன்று, அந்தச் சூட்டுக்காற்றோடு எரிகலனுக்குப் போய் எரிந்துவிடும். எரிகலனுக்குப் போகும் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடுவதால் எரிவாயு மிச்சம்.

"இது எங்கள் காப்புரிமை, நிறுத்துங்கள்" என்று கடிதம் வந்தால்?

பயப்பட வேண்டாம். 1978ஆம் ஆண்டின் 57ஆம் எண் காப்புரிமைச் சட்டத்தின்கீழ், தென்னாப்பிரிக்கக் காப்புரிமைப் பதிவகம் பல பத்தாண்டுகளாகப் படிவங்களைத்தான் சரிபார்த்தது. கண்டுபிடிப்பு புதியதா என்று ஆராயவில்லை. அந்தச் சோதனை நடப்பது பிரிட்டோரியாவில், காப்புரிமை ஆணையர் நீதிமன்றத்தில். அத்துமீறல் வழக்குக்கு எதிராக, அந்தக் காப்புரிமையையே ரத்து செய்யக் கேட்கலாம்.

(காட்சி: உரிமைக்கோரிக்கை வாசகம், துண்டு துண்டாக)

காப்புரிமையில் எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் வாசகம்தான் உரிமைக்கோரிக்கை. அதை அங்கம் அங்கமாகப் பிரித்து எழுதுங்கள். அவசியமான அங்கம் ஒன்று உங்களிடம் இல்லையென்றால் அத்துமீறல் இல்லை. உதாரணமாக, "சக்கரத்தைக் குளிர்வித்த காற்றையே சூடாக்கி ஊத வேண்டும்" என்றிருந்தால், கூரை ஏறி அந்தக் குழாயைக் கையால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். வரைபடத்தை நம்பாதீர்கள், எந்தப் பராமரிப்பிலோ தகடு வைத்து அடைத்திருப்பார்கள். கடிதம் வந்தபின் குழாயை மாற்றினால் சாட்சியம் அழியும். முதலில் தேதியுடன் படம் எடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: நீதிமன்றம் தடை விதித்தால் உற்பத்தியை நிறுத்துங்கள். சக்கரத்தை மட்டும் நிறுத்திவிட்டு ஆவியை நேரே புகைபோக்கியில் விடாதீர்கள். அடுத்த தெருவில் பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள்.

(காட்சி: எண்ணெய்க் கறை படிந்த பதிவேடு)

வழக்கைத் திருப்புவது பெரும்பாலும் பழைய காகிதம்தான். காப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, இந்த நாட்டுக்குள் வணிக அளவில் ரகசியமாகப் பயன்படுத்தியதும் முன்னறிவாகக் கணக்கில் வரும், அதாவது கண்டுபிடிப்பு புதியதல்ல என்று காட்ட உதவும். அதனால் பழைய ஆலையின் வெப்பநிலைப் பதிவு, கொள்முதல் பில், சீல் மாற்றிய குறிப்பு எதையும் எறியாதீர்கள். ஒப்பிட வேண்டியது முன்னுரிமைத் தேதியோடு, அதாவது அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த தேதியோடு. வெளிநாட்டில் முதலில் விண்ணப்பித்திருந்தால் அது பிரிட்டோரியா விண்ணப்பத்துக்கு 12 மாதம் வரை முந்தியிருக்கலாம். உங்கள் காகிதம் அதற்கும் முந்தியதாக இருக்க வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் போதும்.