அரை வேர்க்கடலையும் களைத்த மூளையும்

(திரையில்: உப்பிட்ட வேர்க்கடலை ஒன்று விரல்களுக்கிடையே இரண்டு பாதியாகப் பிளக்கப்படுகிறது.)

ஒரு மணி நேரம் மூளையைக் கசக்கிக் கணக்குப் போடுவதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் ஆற்றல் இந்த ஒரு பாதியில் இருக்கிறது. 1930களில் அமெரிக்க ஆய்வாளர்களான பிரான்சிஸ் பெனடிக்ட், கொர்னீலியா பெனடிக்ட் தம்பதியர், மனக்கணக்கில் ஈடுபட்டவர்களின் மூச்சுக்காற்றை அளந்து கண்ட முடிவு இது.

அதற்காக மூளையைச் சிக்கனமான உறுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள அது, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சுமார் 20 வாட். ஓர் எல்இடி டியூப்லைட்டுக்கு ஆகும் அளவு. ஒவ்வொரு சைகைக்குப் பிறகும் நரம்பணுவுக்குள் புகுந்த சோடியத்தை வெளியே இறைத்து, அடுத்த சைகைக்கு அதை ஆயத்தமாக்குவதிலேயே இச்செலவின் பெரும்பங்கு போகிறது. இந்த வேலை நாம் தேர்வு எழுதும்போதும் நடக்கிறது, சன்னலோரம் சும்மா அமர்ந்திருக்கும்போதும் நடக்கிறது. 1955இல் லூயிஸ் சோகோலாஃப் குழுவினர் அளந்து பார்த்தபோது, மனக்கணக்குப் போட்டவர்களின் மூளை ஒட்டுமொத்தமாக உட்கொண்ட ஆக்சிஜனில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. (சதுரங்க வீரர்கள் ஒரே நாளில் 6000 கலோரி எரிப்பதாக உலவும் செய்தியை நான் நம்புவதில்லை, நாள் முழுவதும் மூளைக்கு ஆவதே சுமார் 400 கலோரிதான்.)

அப்படியானால் மாலையில் நம்மை அழுத்தும் களைப்பு எது? சர்க்கரை தீர்ந்துவிடுவதே காரணம் என்ற கருத்து 2007 வாக்கில் செல்வாக்குப் பெற்றிருந்தது. பின்னர் சில சோதனைகளில், இனிப்பு நீரை விழுங்காமல் வாய் கொப்பளித்துத் துப்பியவர்களும் தெம்பு பெற்றதாகத் தெரிந்தபோது, அக்கருத்து ஆட்டம் கண்டது.

(திரையில்: நிறம் மாறி மாறித் தோன்றும் எழுத்துகள்.)

2022இல் பாரிஸில் அன்டோனியஸ் வீலர், மத்தியாஸ் பெசிக்லியோன் குழுவினர் வேறொரு வழியில் தேடினர். எழுத்தின் நிறத்துக்கேற்ப விதியை மாற்றி மாற்றி, அது உயிரெழுத்தா மெய்யெழுத்தா, பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று ஆறு மணி நேரத்துக்கும் மேலாகச் சொல்லவைத்தனர். கடினமான பணியில் இருந்தவர்களின் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதியில், நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சைகை அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருளான குளுட்டமேட் கூடியிருந்தது. களைப்பின் அடையாளமாக, காத்திருந்தால் கிடைக்கும் பெரிய தொகையைவிட உடனே கிடைக்கும் சிறிய தொகையை நோக்கி அவர்களது தேர்வும் சாய்ந்தது. அதே நேரம் எளிய பணியில் அமர்ந்திருந்தவர்களிடம் இந்த மாற்றம் இல்லை. குளுட்டமேட்டின் தேக்கம்தான் களைப்பை உண்டாக்குகிறது என்று இது நிறுவவில்லை. இரண்டும் சேர்ந்து தோன்றுகின்றன என்பதே இதுவரை அளவிட்டுக் காட்டப்பட்டது.