பெரியப்பாவின் றங்குப்பெட்டியில் ஸாப் காமிக்ஸ்: என்ன விலை போகும்?

வணக்கம். இந்த முறை திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய பெரியப்பா எழுபதுகளில் வீட்டு அறைகளை வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டவராம். வந்தவர்கள் விட்டுவிட்டுப் போன புத்தகங்கள் ஒரு றங்குப்பெட்டி நிறைய இருக்கிறதாம். அதைக் கிளறும்போது ‘ஸாப் காமிக்ஸ்’ என்ற அமெரிக்கப் படக்கதைப் புத்தகத்தின் முதலாம் இலக்கம் கிடைத்திருக்கிறது. முன்னட்டையில் விலை 50 அமெரிக்கச் சதம். “ராபர்ட் க்ரம்பின் படம் ஏழு லட்சம் டாலருக்கு ஏலம் போனதாகப் பார்த்தேன். இதற்கு என்ன கிடைக்கும், எங்கே விற்கலாம், அதுவரை எப்படி வைத்திருப்பது?” என்கிறார். க்ரம்ப்தான் ஸாப்பைத் தொடங்கிய அமெரிக்க ஓவியர்.

தம்பி, அந்த 50 சதத்தைச் சொன்னீர்களே, அதிலேயே முக்கால்வாசிப் பதில் வந்துவிட்டது. உங்களிடம் இருப்பது முதலாம் இலக்கம்தான், ஆனால் முதல் பதிப்பு இல்லை.

இந்த இரண்டையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். சூப்பர்மேன் மாதிரியான கடைத்தெருப் புத்தகங்கள் மாதாமாதம் வரும், விற்காமல் கிடந்தவை திரும்பிப் போகும், அடுத்த மாதம் அடுத்த இதழ். பழைய இதழை யாரும் திரும்ப அச்சடித்துக்கொண்டு இருக்கவில்லை. ஸாப் மாதிரி, பெரிய கம்பெனிகளுக்கு வெளியே வந்த அண்டர்கிரவுண்ட் காமிக்ஸின் வழி வேறு. 1954இல் அமெரிக்காவில் காமிக்ஸ் கம்பெனிகள் சேர்ந்து ஒரு கட்டுப்பாட்டு விதி கொண்டுவந்தன. விதிக்கு அடங்கிய புத்தகத்தின் அட்டையில் ஒரு முத்திரை இருக்கும், அந்த முத்திரை இல்லாத புத்தகத்தை வழக்கமான விநியோகக்காரர்கள் தொடுவதில்லை. போதை, பாலியல், அரசியல் என்று எல்லாவற்றையும் வரைந்த இந்த ஆட்களுக்கு முத்திரை எங்கே கிடைக்கும்? ஹிப்பிகள் கஞ்சா சுற்றும் தாளும் சுவரொட்டியும் வாங்கும் சின்னக் கடைகளில்தான் விற்றார்கள். அங்கே கொடுத்த சரக்கு திரும்பி வராது. தீர்ந்தால் கடைக்காரர் இன்னும் கேட்பார், இவர்கள் இன்னொரு தடவை அச்சடிப்பார்கள். அதே அட்டை, அதே பக்கங்கள், அதே இலக்கம். பல தடவைகளில் எப்போது அடித்தது என்றுகூடப் போடவில்லை. அப்புறம் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? முதல் தடயம் அட்டை விலைதான். 25 சதமாக வந்தது காகித விலை ஏற ஏற 35, 50 என்று போய்க்கொண்டே இருந்தது.

ஸாப் முதலாம் இலக்கம் 1968 பெப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் வந்தது. சார்ல்ஸ் ப்ளைமெல் என்ற கவிஞர் தன்னிடம் இருந்த சின்ன அச்சு இயந்திரத்தில் அடித்துக் கொடுத்தார். க்ரம்பும் மனைவியும் ஒரு குழந்தை வண்டியில் புத்தகங்களை அடுக்கி ஹெய்ட் வீதியில் தள்ளிக்கொண்டுபோய் விற்றார்கள். இன்றைக்கு ஏலக்காரர்கள் தேடுவது அந்த வண்டியில் போனதைத்தான். பின்னட்டையின் அடியில் பொடி எழுத்தில் ‘பிரின்டட் பை சார்ல்ஸ் ப்ளைமெல்’ என்று இருக்கும். அடுத்த பதிப்பிலும் 25 சதம்தான் விலை, ஆனால் அந்த இடத்தில் புத்தகத்தை வெளியிட்ட டான் டொனஹியூவின் பெயர் வந்துவிடும். ஆகவே 25 சதம் இருந்தால் மட்டும் துள்ளிக் குதிக்கக்கூடாது, புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்க்க வேண்டும். ப்ளைமெல் பெயர் உள்ளது ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும், மிக நல்ல நிலையில் இருந்தால் பத்தாயிரத்துக்கு மேலும் போயிருக்கிறது. 50 சதப் பதிப்பு பத்துக் கணக்கான டாலரில் நிற்கும். எழுதியவர் ஒருவர், கதை ஒன்று, அட்டை ஒன்று, விலை மட்டும் நூறு மடங்கு வித்தியாசம்.

இலக்கத்தை நம்பினால் இன்னொரு குழப்பமும் உண்டு. ஸாப்பில் பூச்சியம் இலக்கமும் இருக்கிறது. பூச்சியம் என்றால் ஒன்றுக்கு முந்தியது என்று நினைப்போம். உண்மையில் ஒன்றுக்குப் பிறகுதான் அது வந்தது. க்ரம்ப் முதலில் வரைந்து கொடுத்த பக்கங்களை, வெளியிடுவதாக வாங்கிய ஆள் எடுத்துக்கொண்டு நாட்டைவிட்டே போய்விட்டார். கையில் இருந்த போட்டோ கொப்பிகளை வைத்துப் பிறகு அதைப் பூச்சியமாகப் போட்டார்கள். உங்கள் பெட்டியில் அதுவும் கிடந்தால் ‘முதலுக்கும் முதல்’ என்று யாருக்கும் சொல்லி வைக்காதீர்கள்.

சரி, அந்த ஏழு லட்சம் டாலர். அது பொய்யில்லை. 2017இல் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 7,17,000 டாலருக்குப் போனது. இன்றைய கணக்கில் இருபது கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் போனது புத்தகம் இல்லை. ‘ஃப்ரிட்ஸ் தி கேட்’ என்ற 1969ஆம் ஆண்டுப் புத்தகத்தின் அட்டைக்காக க்ரம்ப் தன் கையால் வரைந்த மூலப்படம். உலகத்தில் ஒன்றே ஒன்று. செய்தித் தலைப்பில் ‘காமிக்ஸ் சாதனை விலை’ என்றுதான் வரும், படம் வேறு புத்தகம் வேறு என்று யாரும் விளக்குவதில்லை.

அதோடு, ஏலச் செய்தியில் வரும் தொகை விற்றவருக்குக் கிடைத்த தொகை இல்லை. சுத்தியல் தட்டிய விலைக்கு மேலே வாங்குபவரிடம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நிறுவனம் வாங்கும். அதையும் சேர்த்துத்தான் செய்தியில் போடுவார்கள். விற்பவரிடமும் கமிஷன் கழிக்கலாம். அதற்கு முன்னால் தரம் பார்க்க அனுப்ப வேண்டும். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சி.ஜி.சி. என்ற நிறுவனம் பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடித் தரும். இங்கிருந்து காப்புறுதியோடு அமெரிக்காவுக்கு அனுப்பும் செலவு, தரம் பார்க்கும் கட்டணம், எல்லாம் உங்கள் தலையில். 50 சதப் பதிப்பை அனுப்பினால் புத்தகத்தின் விலையைவிடச் செலவு கூடும். அனுப்ப வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

விற்பது பற்றி இன்னொன்று. ஸாப் வளர்ந்தவர்களுக்கான புத்தகம், அதிலும் நாலாம் இலக்கத்துக்கு அமெரிக்காவிலேயே ஆபாச வழக்கு நடந்தது. நம் நாட்டில் 1927ஆம் ஆண்டின் ஆபாசப் பிரசுரங்கள் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது. வீட்டில் கிடப்பது ஒன்று, விற்கிறேன் என்று முகநூலில் பக்கம் பக்கமாகப் படம் போடுவது வேறு. அட்டையோடு நிறுத்துங்கள். வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பிள்ளைகள் கைபடும் இடத்தில் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி வைத்திருக்கிற விதம். திருகோணமலையில் பழைய புத்தகம் வைத்திருப்பவருக்கு எதிரி இரண்டு: கடல்காற்று, மாரி. நடுப்பக்கத்தை மெதுவாக விரித்து அந்த இரண்டு கம்பிப் பின்னையும் பாருங்கள். அவற்றைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். உப்புக்காற்றில் பின் துருப்பிடித்து, அந்தத் துரு காகிதத்துக்குள் இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் அந்த இடம் பொரிந்து நடுத்தாள் கழன்று வரும். தரம் பார்ப்பவர் முதலில் கண் வைக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. அதற்காகப் பின்னைப் பிடுங்காதீர்கள், புதுப் பின் அடித்தால் இன்னும் மோசம். செலோடேப் கிட்டவே வரக்கூடாது. சான்றிதழ்களை லேமினேட் செய்கிற பழக்கத்தில் இதையும் கொண்டுபோய் லேமினேட் செய்துவிடாதீர்கள். முன்பு ஒருவர் அப்படிச் செய்த பழைய ‘சிரித்திரன்’ இதழ் ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பளபளவென்று இருந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை.

மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறை கிடைத்தால் அதில், பின்னால் அமிலம் இல்லாத மட்டை வைத்து நிமிர்த்தி வையுங்கள். கிடைக்காவிட்டால் சுத்தமான வெள்ளைத்தாளில் சுற்றினாலும் போதும். றங்குப்பெட்டி வேண்டாம், மாரி காலத்தில் இரும்பு உள்ளுக்குள் வியர்க்கும். வெளிச்சுவரில் ஒட்டாத மர அலுமாரியின் மேல்தட்டு நல்லது. கார்த்திகை, மார்கழியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றிக்கொண்டே இருங்கள். இராமபாணப் பூச்சிக்குப் பூச்சி உருண்டை போடலாம், ஆனால் தாளில் படாமல் ஒரு துணியில் முடிந்து மூலையில் வையுங்கள்.

இப்போது எனக்கு உண்மையில் ஆவலான விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் தமிழ்ப் புத்தகங்களும் இருப்பதாகக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் பாருங்கள் தம்பி. சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. லயன் காமிக்ஸ் 1984இல் வந்தது. எழுபதுகளில் இந்தியத் தமிழ் இதழ்களை இறக்குமதி செய்ய இங்கே கட்டுப்பாடு இருந்ததால், அந்தக் காலத்துப் பிரதிகள் இந்தப் பக்கம் குறைவாகத்தான் வந்தன. வந்தவையும் இடப்பெயர்வுகளில் போனது பாதி, சுனாமியில் போனது மீதி. இருக்கிறவற்றிலும் பலதை வீட்டுக்காரர்கள் அட்டையைக் கிழித்துவிட்டு ஐந்தாறு சேர்த்து பைண்ட் பண்ணி, ஓரத்தையும் வெட்டி வைத்திருப்பார்கள். அட்டையோடு, வெட்டாமல் ஒன்று அகப்பட்டால் சேகரிப்பவர்கள் தேடி வருவார்கள். அங்கேயும் இதே சிக்கல்தான். மாயாவி கதைகள் பல முறை மறுபதிப்பு வந்தவை. கதையின் பெயரைப் பார்த்து விலை சொல்ல முடியாது. விலை, இதழ் எண், வெளிவந்த மாதம் மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஸாப்பின் பின்னட்டை, நடுப்பக்கத்துப் பின், தமிழ்ப் புத்தகங்களின் முன்னட்டையும் முதல் உள்பக்கமும், இவ்வளவையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். யாராவது வந்து பெட்டியோடு ஒரு விலை பேசினால், பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுங்கள்.